வியாழக்கிழமை என் முறை

1

இன்று எங்கள் வீட்டில் கோழி வேகவில்லை. ஊரில் என் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே மணி நேரத்துக்குள் நடந்தன. இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன், அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜெர்மனிக்கு வந்து போன வாரத்தோடு ஒன்பது வருஷம். கஸ்தூரி, என் மனைவி, அதற்காக ஒரு சின்ன கேக் வாங்கி வந்தாள். அவள் இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலி. அவளுக்குக் கிடைத்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். ஊரில் ஐடிஐ முடித்து டீசல் மெக்கானிக்காக இருந்தேன், இங்கே நகரப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் வேலை. மகள் பவித்ராவுக்குப் பதின்மூன்று வயது, வந்தபோது நாலு. கேக்கை வெட்டலாம் என்று பார்த்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கவே இல்லை. மூன்றாம் நாள் அது காய்ந்துபோய்க் குப்பைக்குப் போனது. குப்பையிலும் இங்கே நாலு சாதி. கேக் எந்தத் தொட்டி, அட்டைப்பெட்டி எந்தத் தொட்டி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் எந்தத் தொட்டி என்று பவித்ரா எனக்கு வகுப்பு எடுத்தாள்.

எங்கள் குப்பம் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஏரிப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. முன்பெல்லாம் லீவுக்கு வந்து ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால், பார்க்கிறவர்கள் எல்லாம் "உனக்கு இன்னாப்பா, ஜெர்மனில கீற" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு என்ன என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2

இரண்டு மாதமாகக் கஸ்தூரிக்கு இரவு வேலை. மாலை ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், அதற்குள் சாப்பாடு ஆகியிருக்க வேண்டும். யார் சமைப்பது என்று தினமும் வாய்ச்சண்டை. நான்தான் வழி சொன்னேன். ஊரில் செய்வதுபோல் சீட்டுக் குலுக்கிவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்றேன். கிழமைகளைத் துண்டுத் தாளில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். கஸ்தூரிக்கு மூன்று நாள், பவித்ராவுக்கு இரண்டு நாள், எனக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடையில் வாங்கிக்கொள்வது. எனக்கு ஒரு நாள் போதும் என்பது நான் சமைத்ததைச் சாப்பிட வேண்டியவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. குலுக்கலில் எனக்கு வியாழன் வந்தது.

பவித்ரா அதை அழகாக அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வியாழனுக்கு நேரே NAINA என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், ஆந்திரா எல்லை எட்டிப் பிடிக்கும் தூரம்தானே. என் மகளிடம் மிச்சமிருக்கும் தமிழில் எனக்குப் பிடித்த சொல் அது. அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, பெற்றோர் கூட்டத்தில் என்னை "ஹெர் நைனா", அதாவது திரு. நைனா, என்று கூப்பிட்டார். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சரியான வாக்கியம் வருவதற்குள் அவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

முறை போட்டதென்னவோ நான்தான். ஒழுங்காகச் செய்தேனா என்று கேட்டால், இல்லை. ஒரு வாரம் பணிமனையில் வேலை முடியத் தாமதம். ஒரு வாரம் தலைவலி. ஒரு வாரம் மறந்தே போனது. அந்த நாட்களில் பவித்ரா நூடுல்ஸ் செய்துவைத்துவிட்டாள். மற்ற வியாழக்கிழமைகளில் உறைந்த மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான். எங்கள் பக்கத்து ஆண்கள் வீட்டில் அடுப்பைத் தொட மாட்டார்கள், வலை கட்டப் போன இடத்தில் மணலில் மூன்று கல் வைத்து மீன் குழம்பு வைத்துத் தின்பார்கள். அங்கே கற்றது.

போன வாரம் அதற்கும் ஆப்பு. பவித்ராவின் கோட்டில் மீன் வாடை அடித்ததாம். வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாளாம். "நைனா, இனிமே மீன் வேணாம். ப்ளீஸ்" என்றாள். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவன் வீட்டில் மீன் வேண்டாம். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவளே மாற்று வழியும் கொண்டுவந்தாள். டேப்லெட்டில் ஒரு படம். ஆரஞ்சும் எலுமிச்சையும் பிழிந்து செய்த கோழி, பக்கத்தில் வெள்ளைச் சோறு, மேலே பச்சையாக ஏதோ தழை. முப்பது நிமிடத்தில் தயார் என்று போட்டிருந்தது. யாருக்கு முப்பது நிமிடம் என்று போடவில்லை.

லெமன் சிக்கன் எனக்குத் தெரியாததில்லை. எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையில், லாரிக்காரர்களோடு நின்றுகொண்டு நானும் தம்பி தேசப்பனும் ஃப்ரைட் ரைஸோடு தின்றிருக்கிறோம். அதில் எலுமிச்சை இருந்ததோ இல்லையோ, மஞ்சள் கலர் தாராளமாக இருந்தது. தம்பி பிளாஸ்டிக் தட்டை வழித்துவிட்டு என் தட்டையும் எட்டிப் பார்ப்பான். அதனால் படத்தைப் பார்த்ததும் "இது இன்னா பெரிய வித்தை" என்று சொல்லிவிட்டேன்.

3

இப்போது தாள் விவகாரத்துக்கு வர வேண்டும். அதைச் சொல்லாமல் ஊர் விவகாரம் புரியாது.

எங்கள் வீட்டில் கஸ்தூரிக்கும் பவித்ராவுக்கும் நிரந்தரமாக இங்கே இருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. நான் மட்டும் தாற்காலிகம். காரணம், மொழித் தேர்வு. பேசுவதில் எப்படியோ தேறிவிடுகிறேன். எழுதுவதில் இரண்டு முறை போய்விட்டது. இரண்டாவது முறை கொடுத்த கேள்வி, பக்கத்து வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம். இரவில் சத்தமாகப் பாட்டு வைத்ததற்காக. நான் எந்தக் காலத்தில் சத்தமாகப் பாட்டு வைத்தேன்? எங்கள் மாடியில் எட்டு மணிக்கு மேல் குழாயைத் திறக்கவே யோசிக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க மனம் வராமல் பாதித் தாளில் நின்றுவிட்டேன்.

ஆகவே இங்கே தங்குவதற்கான என் அனுமதி அட்டையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இந்த முறை பழைய அட்டை காலாவதி ஆகி மாதக்கணக்காகியும் புதியது வரவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள். என் மனைவி செவிலி என்று சொல்ல வந்தேன். இவர்கள் மொழியில் அது ஒரே நீளச் சொல். பதற்றத்தில் அதை நடுவில் உடைத்துச் சொல்லிவிட்டேன். உடைத்துச் சொன்னால் 'உடம்பு சரியில்லாத சகோதரி' என்று ஆகிவிடுமாம். அந்த அம்மாள் முகம் வாடிப்போய், உங்கள் சகோதரி சீக்கிரம் குணமடையட்டும் என்றார். எனக்குச் சகோதரியே கிடையாது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வரும்போது ஒரு மடித்த தாள் கொடுத்தார்கள். புது அட்டை வரும்வரை இதை வைத்துக்கொள் என்றார்கள். இதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்டேன். போகலாம் என்றார் ஒருவர். போகலாம், திரும்பி உள்ளே விடுவார்களா என்று நான் சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். மின்னஞ்சல் போட்டேன். உங்கள் கடிதம் வந்த வரிசைப்படி கவனிக்கப்படும் என்று இயந்திரம் பதில் போட்டது. இன்றுவரை என் வரிசை வரவில்லை. நாலு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. முதலில் லீவு இல்லை, அப்புறம் பவித்ராவின் பள்ளிக்கூடம், இப்போது இந்தத் தாள்.

4

எங்கள் ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஓடாது. நீரோட்டம் உள்ள இடங்கள் சில, அங்கேதான் வலை கட்ட வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போனால் மண்டை உடையும். அதனால் முறை. ஊர் நோட்டில் இடம் இருந்தால், கல்யாணமான ஆண்களின் பெயரை அதில் சேர்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்ன நாள் இன்ன இடம் என்று பிரிப்பார்கள். இதற்குப் பாடு என்று பெயர். உன் நாள் வந்தால் அந்த இடம் உன்னுடையது, ஒருத்தன் வாய் திறக்க முடியாது. உன் நாளில் நீ போகாவிட்டால் அண்ணன் தம்பி போகலாம். ஆளே போகாமல் விட்டால் மட்டும் ஊர் கேள்வி கேட்கும்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் என் பெயரைச் சேர்த்தார்கள். என் நைனாவின் பெயர், அதற்குக் கீழே என் பெயர் எட்டியப்பன், பிறகு தேசப்பனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் பெயர். நைனா இப்போது இல்லை. ஜெர்மனிக்குக் கிளம்பும்போது என் பாடு வரும் நாட்களைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் பாட்டோடு என் பாட்டையும் சேர்த்து அவனே கட்டிக்கொள்ளட்டும், வருவதை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். என்னவோ ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்ததுபோல் எனக்கு ஒரு பெருமை. அவன் "பரவால்லணா, நான் பாத்துக்கிறேன்" என்றான். ஒன்பது வருஷமாக நான் போன் செய்து "என் பாடு எப்படிடா போச்சு" என்று கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான். பரவால்லணா.

உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சேற்றில் நிற்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதிலிருந்து தப்பிக்கத்தான் ஐடிஐக்கு ஓடினேன். மொத்தமாக மூன்று பருவம் வலை கட்டியிருப்பேன், அதிலும் பாதி நாள் காய்ச்சல். ஆனால் அந்த நோட்டில் என் பெயர் இருப்பது எனக்கு வேண்டியிருந்தது. இங்கே ஒன்பது வருஷம் வரி கட்டியும் நான் தாற்காலிகம். அங்கே ஒரு கோடு போட்ட நோட்டில், பால்பாயிண்ட் பேனாவில், நான் நிரந்தரம். பணிமனையில் யாராவது முகத்தைச் சுளித்தால், போங்கடா, எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் தேசப்பன் போனில் ஒரு செய்தி சொன்னான். மூன்று வருஷத்துக்கு மேல் ஊருக்கே வராதவர்களின் பெயரை இந்த வருஷக் குலுக்கலில் எடுக்கப்போகிறார்களாம். நேரில் வந்து உட்கார்ந்தால் பெயர் நிற்கும். நேரில் எப்படிப் போவது? கையில் இருப்பது மடித்த தாள். "நீ பேசுடா, நீதான் விடாம போறியே, அத சொல்லு" என்றேன். அவன் உம் கொட்டினான்.

குலுக்கல் இன்றைக்கு. அங்கே மாலை ஏழரை மணி, இங்கே நாலு மணி. அதாவது நான் கோழி சமைக்கும் நேரம்.

5

மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுக் கோழியை எடுத்தேன். எலும்பில்லாத தொடைக்கறி. பவித்ரா மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி உள்ளே யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லுப்பு, மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினேன். மீனுக்குச் செய்வதுதான். பவித்ரா கத்தினாள்.

"நைனா! கோழி கழுவக் கூடாது. ஃபெர்போட்டன்! ஸ்கூல்ல சொன்னாங்க. கிருமி எல்லா இடத்துலயும் தெறிக்கும்."

"கழுவாத கறியைத் துன்றதுக்கு நாம இன்னா நரியா?"

"நீ அது படிக்கவே இல்ல. முதல்ல கோழிய வறுக்கணும். ஒரு பக்கம் எட்டு நிமிஷம்."

படிக்கவில்லை என்பது சரிதான். ஒரு வேலை நாள் முழுக்க ஜெர்மனில் பேசிவிட்டு வந்து, கோழியைப் பற்றியும் ஜெர்மனில் படிக்க எனக்குத் தெம்பில்லை. படத்தைப் பார்த்தேன், புரிந்தது. புளிப்புக் குழம்பு. புளிக்குப் பதில் ஆரஞ்சு, எலுமிச்சை, அவ்வளவுதானே? எண்ணெய் விட்டுப் பூண்டைத் தட்டிப் போட்டேன். இரண்டு ஆரஞ்சு, இரண்டு எலுமிச்சை பிழிந்தேன். தோலைத் துருவிப் போடுவதும் படத்தில் இருந்தது, அதையும் வெள்ளை தெரியும்வரை விடாமல் துருவினேன். உப்பு, மிளகு, ஒரு கரண்டி தேன். சாறு தளதளவென்று கொதித்தது. வாசனை நன்றாகவே வந்தது, அது வேறு எனக்குத் தைரியம் கொடுத்தது.

நாலு மணி தாண்டி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. தேசப்பன். படத்தில் கோயில் வாசல், டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி முகங்கள் எனக்குத் தெரியாத பையன்கள். போன் கை மாறியது. பஞ்சாயத்தில் பெரியவரான காசி மாமாவின் முகம் திரை முழுக்க வந்தது.

"டேய் எட்டி, நல்லா கீறியாடா? குயந்தை, கஸ்தூரி எல்லாம் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறோம் மாமா. பேர் விசயம் இன்னா ஆச்சு?"

"கோச்சுக்காதடா. கல்யாணம் ஆன பசங்க ஏழு பேரு பேரில்லாம நிக்கிறாங்கோ. எவன் பேராவது போனாதான் ஒருத்தன் உள்ள வர முடியும். நீ அங்க கீற. நீ இனிமே வந்து வலை கட்டப் போறியா, சொல்லு?"

"மாமா, என் பாடு ஒரு நாள் காலியா கெடந்துச்சா? என் தம்பி ஒரு நாள் தவறாம போறான். ஆள் அனுப்புனா பேர் நிக்கும்னுதானே நம்ம வழக்கம்?"

இதைப் பேசிக்கொண்டேதான் கொதிக்கும் சாற்றில் கோழித் துண்டுகளைப் போட்டேன். மீன் குழம்பில் மீனை எப்படிக் கடைசியில் போடுவோமோ அப்படி. போட்ட பிறகு கரண்டி போடக் கூடாது, உடைந்துவிடும். துணியால் இரண்டு பக்கமும் பிடித்துப் பாத்திரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினேன். நாலைந்து கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடி வைத்தேன். பழைய பழக்கம், கை தானாகச் செய்தது.

"ஏங்க, பாத்திரத்த இஸ்துத் தேய்க்காதீங்க! அடுப்பு கண்ணாடி!" என்று உள்ளேயிருந்து கஸ்தூரி குரல் கொடுத்தாள்.

காசி மாமா பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "அத உன் தம்பியாண்டயே கேளு" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

தேசப்பன் போனை எடுத்துக்கொண்டு கூட்டத்தைவிட்டு நடந்தான். இருட்டில் படகு ஒன்றின் ஓரம் தெரிந்தது. அதில் சாய்ந்து நின்றான்.

"அண்ணா, கோச்சுக்காத. உன் பேர எடுக்கச் சொன்னது நான்தான்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். "இன்னாடா சொல்ற?"

"முடியலணா. என் மொறைக்கு ஒரு நாளு, உன் மொறைக்கு ஒரு நாளு. இடுப்பளவு தண்ணில நின்னுகினே கீறேன். முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. போவலன்னா 'அண்ணன் பேர வச்சிகினு ஆள் அனுப்பல'ன்னு கேக்குறாங்கோ. போனா 'ஒரே ஆளு ரெண்டு பாடு துன்றான்'றாங்கோ. நான் இன்னாதான் பண்ணட்டும்?"

"அத என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? ஒம்பது வருசமா வாய்ல கொயக்கட்டையா?"

"நீ கேட்டியா?"

"மாசாமாசம் கேட்டுகினுதானே கீறேன்!"

"உன் பாடு எப்படிப் போச்சுன்னு கேட்ட. என் முட்டி எப்படி கீதுன்னு ஒரு நாள் கேட்டியாண்ணா? எனக்குக் குடுத்துட்டுப் போனேன்னு எல்லார் கிட்டயும் சொல்லிகினு கீற. நீ குடுத்துட்டா போன? என் தலைல கட்டிட்டுப் போன."

நான் போனைத் துண்டித்தேன். என் சொந்தத் தம்பி, என்னோடு ஒரே தட்டில் தின்றவன், ஊர் நடுவில் நின்று என் பெயரை எடு என்று சொல்லியிருக்கிறான். பவித்ரா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

நாலே முக்காலுக்குத் தட்டு வைத்தேன். சோறு பொலபொலவென்று இருந்தது. மேலே கோழி, ஆரஞ்சு நிறச் சாறு, படத்தில் இருப்பதுபோலவே. கஸ்தூரி தலையை வாரிக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒரு துண்டை வெட்டினாள். உள்ளே ரோஜா நிறத்தில் பளபளத்தது.

"ஏங்க, இது வேகவே இல்ல."

பவித்ரா முள்கரண்டியால் தன் துண்டைக் குத்திப் பார்த்தாள். "நைனா, இது இன்னும் உயிரோட கீது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கோழி வேறு, மீன் வேறு. நாலு கொதியில் வெந்து போவதற்கு இது என்ன மடவை மீனா? ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே குழம்பு அதுதான், அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

கஸ்தூரி கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து போய் இரண்டு துண்டு ரொட்டியில் சீஸ் வைத்து, தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

"விடுங்க, பரவால்ல. வியாழக்கிழமைன்னா இப்படித்தான்னு எனக்குப் பழகிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஷூ மாட்டினாள். கதவு சாத்தியது.

6

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தட்டுகளை எடுக்கவும் தோன்றவில்லை.

பவித்ரா எழுந்து தன் பையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்தாள். ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்று மூடியைக் கழற்றினாள்.

"நைனா, நீ கவலப்படாத. வியாழக்கிழமையும் நானே செய்றேன். பரவால்ல, எனக்கு ஈஸி."

தம்பிக்கும் மனைவிக்கும் பிறகு எனக்குப் பரவால்ல சொல்லும் மூன்றாவது ஆள் இவள். NAINA என்ற எழுத்தின்மேல் மார்க்கரின் முனை போய்விட்டது.

"அடிக்காத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏன் நைனா? உனக்குப் புடிக்கலதானே?"

"இங்க வா. உண்மைய சொல்லு. நான் செய்யாத வியாழக்கிழமைல நீ நூடுல்ஸ் செஞ்ச இல்ல? உனக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்லயா?"

"இல்லயே."

"பவி."

அவள் மார்க்கர் மூடியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "வியாழக்கிழமை ஹேண்ட்பால் கீது. ஸ்கூல்லயே, நாலரைக்கு. நூடுல்ஸ் செஞ்ச நாள்ல நான் போகல."

"எத்தனை நாளு?"

"தெரியல. டீம்ல இப்ப என்னை வெளிய உக்கார வச்சிட்டாங்க, அதான் இன்னிக்கும் போகல. பரவால்ல நைனா."

எனக்கு யார்மேல் கோபம் வருகிறது என்றே தெரியவில்லை. அவள் ஹேண்ட்பால் ஆடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கிழமை என்று தெரியாது. கேட்டதில்லை. டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கி நியாயம் செய்த மனிதன் நான், முறை போட்டுவிட்டு என் முறையை ஒரு குழந்தை தலையில் கட்டியிருக்கிறேன். அவளும் தன் சித்தப்பாவைப் போலவே வாய் திறக்கவில்லை.

"என் மொறை. நான்தான் செய்வேன். இனிமே நீ செய்யக் கூடாது" என்றேன். "நான் வரலன்னா எல்லாரும் ரொட்டி துன்னுட்டு என்னைத் திட்டுங்க. இன்னிக்கு இப்பவே கெளம்பு."

"இப்ப அஞ்சரை. முடிஞ்சிருக்கும்."

"அப்ப அடுத்த வாரம்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. மார்க்கரைப் பைக்குள் போட்டுவிட்டு, "முதல்ல இத வேக வை" என்றாள்.

பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். இந்த முறை டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கரண்டி போட்டுப் புரட்டினேன், ஒன்றும் உடையவில்லை. இருபது நிமிடம் கழித்துச் சாப்பிட்டோம். கோழி வெந்திருந்தது. துருவிய தோல் கசந்தது. "அந்த மஞ்சள் மட்டும்தான் துருவணும், வெள்ளை வரக் கூடாது" என்றாள் என் ஆசிரியை. கஸ்தூரிக்கு ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன், காலையில் வந்து சாப்பிடுவாள். கசப்பைப் பற்றி அவளும் ஏதாவது சொல்வாள். இந்தத் தடவை சொல்லட்டும் என்றுதான் இருக்கிறேன்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷன் நண்பர்களே, எனக்கு இன்னா என்று இப்போது தெரிந்திருக்கும். அலுவலகத்துத் தாள் இன்னும் மடித்தபடிதான் பையில் இருக்கிறது. மொழித் தேர்வுக்கு மூன்றாவது முறை எழுதிப் போட வேண்டும். ஊர் நோட்டில் என் பெயர்மேல் கோடு விழுந்துவிட்டது, என் இடத்தில் எவன் வந்தான் என்று நான் கேட்கவில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். நெஞ்சு எரிகிறது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்த் தம்பிக்குப் போன் செய்தேன். நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

"பேர் விசயம் பேசறதுன்னா வச்சிடுணா" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"பேர் போவட்டும்டா. முட்டி எப்படி கீது?"

அந்தப் பக்கம் அவன் எதையோ இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"வலது முட்டிதாண்ணா ரொம்ப பேஜாரு" என்று ஆரம்பித்தான்.